கந்தோர் மீன்

ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்தெட்டாம் ஆண்டு தை மாதத்தில், திருகோணமலையில் இருந்த நன்னீர் வள மேம்பாட்டுக் கந்தோருக்கு முதன்முதலாக உயிருள்ள மீன் வந்து சேர்ந்தது. அதற்கு முந்திய பதினான்கு வருடங்களாக அந்த அரசாங்கக் கந்தோர் மீன்களைக் கோப்புகளில் மட்டுமே வளர்த்து வந்தது. கோப்புகளில் அவை நன்றாகத்தான் வளர்ந்தன. வருடத்துக்கு நூற்றுக்கு ஏழு வீதம் என்ற கணக்கில் வளர்ந்தன. அந்த ஏழு வீதத்தை எழுதியவர் பிரதம இலிகிதர் பாக்கியரத்தினம். முதலில் ஐந்து என்றுதான் எழுதிப் பார்த்தார். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வருடம் ஏழாக்கினார். அப்போதும் ஒருவரும் கேட்கவில்லை. எட்டுப் போட அவருக்கு மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை.

வெளிநாட்டுச் சாமான்கள் தாராளமாக இறங்கத் தொடங்கியிருந்த காலம் அது. நகரத்தில் மதிப்பான வீடென்றால் முன் அறையில் ஒரு கண்ணாடித் தொட்டி இருக்க வேண்டும், அதற்குள் மீன் ஓட வேண்டும் என்று ஒரு நாகரிகம் பரவியது. பல்லு வைத்தியர் வைத்தார். நகைக்கடைக்காரர் வைத்தார். ஒரு வீட்டுக்குப் போனால் முதலில் மீனைக் காட்டினார்கள், பிறகுதான் தேத்தண்ணி.

பணிப்பாளர் சின்னராசா கொழும்பில் பத்து நாள் கருத்தரங்கு ஒன்றுக்குப் போய்வந்த மறுநாள், பாக்கியரத்தினத்தைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"பாக்கியரத்தினம், நாங்கள் எந்தக் கந்தோர்?"

"நன்னீர் வளம், சேர்."

"இஞ்ச எங்க நன்னீர்? எங்க வளம்?"

பாக்கியரத்தினம் யோசித்துப் பார்த்தார். மூலையில் குடிதண்ணீர்ப் பானை இருந்தது. அதைச் சொல்லுவோமா என்று நினைத்து, விட்டுவிட்டார்.

அப்படித்தான் தொட்டி வந்தது. ஆறு தங்க நிற மீன்களும் வந்தன. மூன்று கிழமையில் கண்ணாடி முழுவதும் பாசி பிடித்து, உள்ளே மீன் இருக்கிறதா என்பதே நம்பிக்கை சார்ந்த விஷயமாகிவிட்டது. தொட்டி விற்ற கடைக்காரர் பரிகாரம் சொன்னார். இரண்டு அங்குல நீளத்தில் ஒரு கறுப்பு மீனைக் கொண்டுவந்து விட்டார். வாய் அதற்கு முகத்தில் இல்லை, கழுத்துக்குக் கீழே இருந்தது. அந்த வாயால் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசியை உறிஞ்சித் தின்றது.

"தென்னமெரிக்க ஆத்து மீன், ஐயா. தொட்டியைத் தானே கூட்டித் துடைக்கும்," என்றார் கடைக்காரர்.

மீனைப் பராமரிக்கும் பொறுப்பு பாக்கியரத்தினத்துக்குக் கடித மூலம் வழங்கப்பட்டது. 'மேற்படி உயிரினத்தின் நலன், தூய்மை, நன்னடத்தை ஆகியவற்றுக்கு இத்தால் நீர் பொறுப்பாக்கப்படுகிறீர்' என்று அதில் இருந்தது. மீன் கந்தோரின் பொருட்பட்டியலிலும் ஏறியது: 'மீன், கறுப்பு, ஒன்று.'

பாக்கியரத்தினத்துக்கு அந்த மீனில் ஒரு மரியாதை வந்துவிட்டது. காலையில் அவர் வரும்போது அது வேலை செய்துகொண்டிருக்கும். அவர் போகும்போதும் வேலை செய்துகொண்டிருக்கும். இருபத்தாறு வருட அரசாங்க சேவையில் இப்படியொரு சக ஊழியரை அவர் கண்டதில்லை. கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தையும் சேர்த்துத்தான் அவர் அப்படி நினைத்தார்.

ஆனால் மீன் வளர்ந்தது. கோப்பில் வளர்வது போல ஏழு வீதத்தில் வளரவில்லை. இரண்டு வருடத்தில் ஒன்றரை அடி. செதிலுக்குப் பதிலாக உடம்பெல்லாம் எலும்புத் தகடுகள் வரிசை வரிசையாக அடுக்கி, கவசம் போட்டதுபோல் இருந்தது. செட்டையின் முன்னால் ஆணி போல ஒரு முள். தொட்டியில் திரும்ப இடமில்லாமல் அது ஒரே திசையைப் பார்த்தபடி சேவையாற்றியது. தங்க மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போயின. கடைசியில், கொழும்பில் இருந்து வந்த மேலதிகாரி ஒருவர் "இதென்ன பிராணி?" என்று குனிந்து பார்த்த நேரம் அது வாலை அடித்தது. கண்ணாடி வெடித்துத் தண்ணீர் முழுவதும் மேலதிகாரியின் சப்பாத்துக்குள் இறங்கியது.

அன்று பின்னேரமே சின்னராசா கோப்பில் எழுதினார்: 'உடன் அப்புறப்படுத்தவும்.'

எழுதுவது சுகம். மீனைக் கொல்லலாம் என்றால், பொருட்பட்டியலில் உள்ள அரசாங்கச் சொத்தை அழிக்க மூன்று பேர் கொண்ட குழு வேண்டும். அதில் ஒருவர் கொழும்பில் இருந்து வரவேண்டும். சப்பாத்து நனைந்த பிறகு கொழும்பில் இருந்து யாரும் வருவதாக இல்லை. யாருக்காவது கொடுக்கலாம் என்றால், பகிரங்க அறிவித்தல் வேண்டும். பாக்கியரத்தினம் அதை ஒரு வாளியில் போட்டு லிங்கநகரில் இருந்த தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். மனைவி புஷ்பவதி அடுப்படியில் வைத்த வாளிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இருபத்தெட்டு வருசமாக் கோப்புத் தூக்கிக்கொண்டு வந்தியள், நான் ஒண்டும் சொல்லேல்லை. இது எனக்கு ஏலாது. நாளைக்கு விடிய இது என்ர குசினியில இருக்கக்கூடாது."

அடுத்த நாள் சனிக்கிழமை. பாக்கியரத்தினம் வாளியை ஈரச் சாக்கால் மூடி, பஸ்ஸில் துறைக்குப் போய், கிண்ணியாவுக்குப் பாதையில் ஏறினார். பாதை என்றால் அந்தப் பக்கத்தில் தெருவல்ல, வாகனத்தையும் சனத்தையும் ஏற்றிக்கொண்டு கடலைக் கடக்கும் பெரிய மிதவை. கிண்ணியாவுக்கும் அப்பால் உள்ள வட்டப்பனைக் குளத்தை அவர் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. அது தூரம். யாரும் காணமாட்டார்கள்.

குளக்கட்டில் நின்று வாளியைச் சரித்தார். மீன் வரவில்லை. வாளியின் அடியில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. பாக்கியரத்தினத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"போ ராசா. உனக்கு இடமாற்றம்," என்று சொல்லி வாளியை உலுக்கினார். மீன் போயிற்று. ஒரு கைதியை விடுதலை செய்த மனநிறைவோடு கிண்ணியாவில் ஒரு சட்டி தயிர் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார்.

இரண்டரை வருடம் கழித்து, எண்பத்திரண்டாம் ஆண்டு ஆவணியில், ஒருவர் தோளில் கிழிந்த வலையும் கையில் சாக்குமாகக் கந்தோருக்குள் வந்தார். வட்டப்பனைக் குளத்து மீனவர் சங்கத் தலைவர் ஸெய்னுதீன். சாக்கைப் பாக்கியரத்தினத்தின் மேசையில் கவிழ்த்தார். ஒன்பது மீன்கள் கோப்புகளின் மேல் விழுந்தன. கிண்ணியாவில் இருந்து பாதையிலும் பஸ்ஸிலும் தண்ணீரில்லாமல் வந்தும் ஒன்றும் செத்திருக்கவில்லை. ஒரு மீன் மெல்ல ஊர்ந்துபோய் மைப்போத்தலில் ஒட்டிக்கொண்டது.

பாக்கியரத்தினம் குனிந்து அதைப் பார்த்தார். அதே முகம்.

"இது என்ன மீன், சேர்?" என்றார் ஸெய்னுதீன். "விராலைக் காணேல்லை. கெளுத்தியைக் காணேல்லை. வலை போட்டா இதுதான் வருது. முள்ளுக் கொளுவினா வலையை அறுத்துத்தான் எடுக்கோணும். எங்கட ஆக்கள் இதுக்குக் கந்தோர் மீன் எண்டு பேர் வச்சிருக்கிறாங்கள்."

பாக்கியரத்தினத்துக்கு வேர்த்துவிட்டது. "கந்தோர் மீனோ? ஏன், நானா, அப்பிடிப் பேர்?" என்று, முஸ்லிம் ஊர்களில் அண்ணனை அழைக்கும் முறையில் கேட்டார்.

"ஒட்டின இடத்தை விட்டு அசையாது. தோல் தடிப்பு. நாம எவ்வளவு கதைச்சாலும் அதுக்குக் கேட்காது. அதால."

"ஓ, அதாலயோ," என்று பாக்கியரத்தினம் நிம்மதியாக மூச்சு விட்டார்.

சின்னராசா அலுமாரியில் இருந்து வெள்ளைக்காரன் காலத்துப் பட்டியலை எடுப்பித்தார். இந்த மாவட்டத்து நன்னீர் மீன்கள் நாற்பத்து மூன்று. விரலால் தொட்டுத் தொட்டுக் கடைசிவரை பார்த்தார்.

"இந்த மாவட்டத்தில இப்பிடி ஒரு மீன் இல்லை."

"மேசையில கிடக்குதே, சேர்."

"மேசையில கிடக்கலாம். பட்டியலில இல்லை. இல்லாத மீன் வலையைக் கிழிச்சது எண்டு நான் எப்பிடி அறிக்கை அனுப்புறது? நீங்கள் யோசிச்சுச் சொல்லுங்கோ."

ஸெய்னுதீன் யோசித்தார். மைப்போத்தலோடு ஒட்டியிருந்ததைப் பிடுங்கிச் சாக்குக்குள் போட்டுக்கொண்டு போனார்.

புரட்டாதியில் அவர் திரும்ப வந்தார். இந்த முறை சாக்குக் கொண்டுவரவில்லை. குரலும் மாறியிருந்தது. "சேர், வலையை விடுங்க. கட்டு ஒழுகுது. இந்த மீன் குளக்கட்டில கை நீளத்துக்குத் துளை போட்டு உள்ளுக்க முட்டை வச்சிருக்கு. கட்டுக்குக் கீழ அறுபது குடும்பம் வயல் செய்யுது. ஐப்பசி மழை வந்தா என்ன நடக்கும்?"

இப்படித்தான் எல்லாரும் வட்டப்பனைக் குளக்கட்டில் கூடினார்கள். குளக்கட்டு நீர்ப்பாசனத் திணைக்களத்தைச் சேர்ந்தபடியால், அந்தப் பக்கப் பொறியியலாளர் கலீலுர் றஹ்மானும் அளவு நாடாவோடு வந்தார். முன்னூற்றுப் பன்னிரண்டு துளைகள் எண்ணப்பட்டன. கட்டின் அடிவாரத்தில் மண் ஊறி, காலை வைத்தால் புதைந்தது. பாக்கியரத்தினம் கட்டுக்குக் கீழே பார்த்தார். புதிதாக உழுத வயல்கள். ஒரு வீட்டு முற்றத்தில் யாரோ பாய் காயப்போட்டிருந்தார்கள்.

"துளைகளை அடைக்கலாம்தானே, றஹ்மான்?" என்றார் சின்னராசா.

"தாராளமா. ஆனா உள்ள மீன் இருக்கு. மீன் உங்கட. உங்கட அனுமதி இல்லாம நான் மீனைப் புதைக்க ஏலாது."

"இல்லாத மீனுக்கு நான் அனுமதி தர ஏலாது."

"மீன் இல்லையெண்டா துளை எப்பிடி வந்தது? என்ட படிவத்தில துளைக்குக் காரணம் எழுதோணும். எலி, நண்டு, மரவேர், மீன். மீன் எண்டா, பேர் எழுதோணும்."

அவர்கள் கால்மாட்டிலேயே ஒரு மீன் பாதி துளைக்குள்ளும் பாதி வெளியிலுமாகக் கிடந்தது. இரண்டு அதிகாரிகளும் குந்தியிருந்து பார்த்தார்கள்.

"தலை உள்ளுக்க," என்றார் சின்னராசா. "அப்ப தலை நீர்ப்பாசனம்."

"வால் தண்ணியில. வால் உங்கட," என்றார் றஹ்மான்.

"அப்ப நடுத்துண்டை நான் வெட்டிக்கொண்டு போகட்டா?" என்று கேட்டார் ஸெய்னுதீன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. அதற்கும் யார் பொறுப்பு என்று தெரியவில்லை.

இறுதியில் சின்னராசாதான் வழி கண்டார். இந்த மீனைக் குளத்தில் விட்டவன் எவனோ, அவன் குற்றவாளி. குற்றவாளி கிடைத்தால் மீன் அவனுடையது, துளையும் அவனுடையது. அவனே பிடிக்க வேண்டும், அவனே அடைக்க வேண்டும். 'அடையாளந் தெரியாத கவச நீர்ப் பிராணியின் தோற்றுவாய் பற்றிய விசாரணைக் குழு' அங்கேயே குளக்கட்டின் மேல் நின்றபடி அமைக்கப்பட்டது. சின்னராசா, றஹ்மான், ஸெய்னுதீன் மூவரும் உறுப்பினர்கள். மீன் அறிவுக்கு விலங்கியல் படிப்பிக்கும் சிவகாமிப்பிள்ளை ரீச்சர். குற்றவாளியைத் தேடிக் கண்டுபிடிக்கும் செயலாளர், பாக்கியரத்தினம்.

பாக்கியரத்தினம் நாலு நாள் தேடினார். தேடுவதில் அவருக்குக் கஷ்டமிருக்கவில்லை. காலையில் முகம் வழிக்கும்போதே குற்றவாளி எதிரில் நின்றான். சோறு இறங்கவில்லை. முன்னூற்றுப் பன்னிரண்டு துளை. ஓய்வூதியத்துக்கு இன்னும் மூன்று வருடம்.

"இஞ்சாருங்கோ," என்றாள் புஷ்பவதி, "நீங்கள்தானே கொண்டுபோய் விட்டனீங்கள். விட்டனான் எண்டு சொல்லுங்கோவன்."

"வேலை போயிடும்."

"கட்டு உடைஞ்சு சனம் போறதை விட வேலை போறது பரவாயில்லை. அதோட, நீங்கள் அங்க செய்யிற வேலை போனா ஆருக்குத் தெரியப்போகுது?"

அவருக்குக் கோபம் வந்தது. ஏழு வீதம் நினைவுக்கு வந்தது. கோபம் போய்விட்டது.

குழு கூடிய அன்று அவர் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு போனார். மற்றவர்கள் இருந்ததும் எழுந்து நின்றார். "தலைவர் அவர்களே, குழுவின் கௌரவ உறுப்பினர்களே. குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டேன் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் அறியத்தருகிறேன்." அதற்குமேல் எழுதி வந்த தமிழ் வரவில்லை. "நான்தான். கந்தோர்த் தொட்டியில இருந்ததை நான்தான் கொண்டுபோய் விட்டனான். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ நானா."

ஸெய்னுதீன் அவரை வாய் திறந்து பார்த்தார். சின்னராசாவின் முகத்தில் பெரிய வெளிச்சம் வந்தது. பேனையைத் திறந்தார்.

"எத்தனை மீன் விட்டனீங்கள்?" என்று கேட்டார் சிவகாமிப்பிள்ளை ரீச்சர்.

"ஒண்டு, ரீச்சர்."

"ஒண்டோ?"

"பொருட்பட்டியலில இருக்கு. மீன், கறுப்பு, ஒண்டு."

ரீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு மீன் குஞ்சு போடாது. ஆணும் வேணும், பெண்ணும் வேணும். நீங்கள் விட்ட மீன் தனியக் கிடந்து செத்துப் போயிருக்கும். இது உங்களால வந்ததில்லை."

பாக்கியரத்தினத்துக்கு நிம்மதி வரவேண்டும். ஆனால் முதலில் வந்தது அவமானம். இவ்வளவு பாடுபட்டுக் குற்றத்தை ஒப்புக்கொண்டால், அதற்கும் தகுதியில்லை என்கிறார்களே.

"அப்ப மற்றதை விட்டது ஆர்?" என்று அவர் கேட்டார்.

சின்னராசா பேனையை மூடினார். றஹ்மான் யன்னலுக்கு வெளியே துறைமுகத்தைப் பார்த்தார், அதையும் தான் அளக்க வேண்டி வருமோ என்பதுபோல. ரீச்சர் கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில ரெண்டு இருந்தது," என்றார் கடைசியில். "பெரிசா வளர்ந்திட்டுது. வட்டப்பனைக் குளம் தூரம்தானே எண்டு…"

"என்ட வீட்டில ஒண்டு," என்றார் றஹ்மான் யன்னலைப் பார்த்தபடியே. "கட்டுப் பார்க்கப் போன நாள் ஜீப்பில கொண்டு போனனான்."

எல்லாரும் ஸெய்னுதீனைப் பார்த்தார்கள். அவர் தொப்பியைச் சரிசெய்தார். "மகளின்ட கலியாணத்துக்கு மருமகன்ட ஆக்கள் கண்ணாடித் தொட்டி கொண்டுவந்தாங்க. அதுக்குள்ள இருந்தது. மகள் பயந்திட்டா. நான் குளத்துக்காரன், வேற எங்க போய் விடுறது?"

பிறகு எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள். சின்னராசா தொண்டையைச் செருமினார்.

"உத்தியோகபூர்வமற்ற முறையில், மூண்டு."

பிறகு எங்கிருந்தோ ஒரு சிரிப்புக் கிளம்பியது. றஹ்மான் சிரித்தார், ரீச்சர் சிரித்தார், ஸெய்னுதீன் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். தேத்தண்ணி வந்தது. இரண்டரை வருடமாக ஒருவருக்கும் தெரியக்கூடாது என்று ஒவ்வொருவரும் தனியாகச் சுமந்ததை ஐந்து பேருமாக இறக்கி வைத்ததில் ஒரு கலியாண வீட்டு மகிழ்ச்சி உண்டாகிவிட்டது.

மகிழ்ச்சி தணிந்ததும் சட்டப் பிரச்சினை எழுந்தது. முழுக் குழுவுமே குற்றவாளி. தன்னைத் தானே விசாரிக்கக் குழுவுக்கு அதிகாரமில்லை. ஆகவே குற்றவாளி இல்லை. குற்றவாளி இல்லையென்றால் மீனை ஒருவரும் விடவில்லை. ஒருவரும் விடாத மீன் குளத்தில் இருந்தால், அது அங்கே ஆதிகாலந் தொட்டே இருந்திருக்க வேண்டும்.

"இது தென்னமெரிக்க மீன், சேர்," என்று ரீச்சர் தயங்கினார்.

"ரீச்சர், நீங்கள் விட்டது எத்தனை எண்டு சொன்னனீங்கள்?"

"ரெண்டு."

"அப்ப?"

ரீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "எங்கட பக்கத்துக்கும் உரியதா இருக்கலாம்."

கவசக் கெளுத்தி என்ற பெயரில் நாற்பத்து நாலாவது மீன் பட்டியலில் ஏறியது. பெயர் வந்ததும் றஹ்மானின் படிவம் நிரம்பியது. படிவம் நிரம்பியதும் துளைகளை அடைக்கலாம் என்றாயிற்று. அடைக்க ஆட்கள் வர இரண்டு மாதம் ஆகும். மழைக்கு இரண்டு கிழமைதான் இருந்தது. அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை குழுவே குளக்கட்டில் இறங்கியது. அறுபது குடும்பமும் வந்தது. சின்னராசா காற்சட்டையை முழங்காலுக்கு மேல் மடித்துக்கொண்டு களிமண் குழைத்தார். ரீச்சர் துளைகளுக்குள் கைவிட்டு மீனை இழுத்தார். பாக்கியரத்தினம் தனியாக நாற்பத்தொரு துளை அடைத்தார். உள்ளங்கை கொப்பளித்துப் போயிற்று. வீட்டுக்கு வந்து அதைப் புஷ்பவதியிடம் நீட்டிக் காட்டினார். அவள் எண்ணெய் எடுத்துவந்து தடவினாள். ஐப்பசி மழை கொட்டியது. கட்டு நின்றது.

மார்கழியில் கொழும்பில் இருந்து கடிதம் வந்தது. புதிய சுதேச மீனைக் கண்டறிந்தமைக்காகத் திருகோணமலை பாராட்டப்பட்டிருந்தது. குளங்களைத் தானே துப்புரவு செய்யும் இந்த அரிய இனத்தை நாடு முழுவதும் பரப்பும்படியும், முதற்கட்டமாக ஐந்நூறு மீன்களைத் தெற்கே ஒரு மாவட்டத்துக்கு உடனே அனுப்பும்படியும் கட்டளை.

பாக்கியரத்தினம் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். இது பிழையென்று ஒரு பதில் எழுத வேண்டும் என்று கடுதாசி எடுத்தார். எழுதினால் குழு, விசாரணை, துளை, வாளி எல்லாம் திரும்ப வரும். இதற்குள் செய்தி குளத்துக்குப் போய், ஊரே வலையோடு இறங்கிவிட்டது. ஐந்நூறு கேட்ட இடத்தில் ஆயிரத்து இருநூறு பிடித்துக் கொடுத்தார்கள். லொறியில் பீப்பாய்கள் ஏறின. சிரித்த முகமில்லாத ஒருவரை அன்று குளக்கட்டில் காணமுடியவில்லை. பாக்கியரத்தினம் எடுத்த கடுதாசியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பீப்பாய்க்குக் கயிறு கட்டினார். நன்றாக இறுக்கிக் கட்டினார்.

லொறி போன ஐந்தாம் நாள் அதே லொறி திரும்பி வந்தது. சின்னராசா, ரீச்சர், ஸெய்னுதீன், பாக்கியரத்தினம், பாதி ஊர் என்று எல்லாரும் துறையில் நின்றார்கள். லொறி வெறுமையாக வரவில்லை. அந்த மாவட்டத்துக் கந்தோர் நன்றிக் கடிதமும் பதில் அன்பளிப்பும் அனுப்பியிருந்தது. பீப்பாய்கள் நிறையப் பச்சைப் பசேலென்ற செடிகள். காம்புகள் பஞ்சு போல் ஊதியிருந்தன. நடுவில் ஊதா நிறத்தில் அழகழகான பூக்கள். சின்னராசா கடிதத்தை உரத்து வாசித்தார்: "எமது குளங்களில் மிகச் செழிப்பாக வளர்வதும், நட வேண்டாததும், எவ்விதப் பராமரிப்பும் தேவைப்படாததும், ஒரு செடியை இட்டால் ஒரு மாதத்தில் குளத்தையே அலங்கரிக்க வல்லதுமான இத்தாவரத்தை, எம் மக்களின் ஏகோபித்த மகிழ்ச்சியுடன் அனுப்பி வைக்கின்றோம்."

'குளத்தை மூடுற ஆகாயத்தாமரை எல்லோ இது' என்று சொல்ல ரீச்சர் வாய் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். துறையில் நின்ற சனம் கை தட்டியது.

ஸெய்னுதீன் ஒரு பூவை எடுத்து முகர்ந்து பார்த்தார். "பாவம் சேர். நாம அனுப்பினதுக்கு, பூ அனுப்பியிருக்கிறாங்க. நல்ல மனிசர் போல."

"ஓம் நானா," என்றார் பாக்கியரத்தினம். "எங்களை மாதிரித்தான்."